வெள்ளியா, செவ்வாயா: பூமியை அறிய எந்தக் கோளை முதலில் பார்ப்பது?

வான் நோக்கும் இரவொன்றைப் பாடசாலை ஒழுங்குசெய்தால் சந்திரனின் பள்ளங்களும் சனியின் வளையமுமே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. வியப்பை ஊட்டுவதற்கு அவை போதுமானவை. ஆனால் வானத்தைப் பார்ப்பதன் வழியே நாம் நிற்கும் நிலத்தையும் மூச்சுவிடும் வளியையும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கமானால், தெரிவு வேறாக அமைய வேண்டும். புதனிடம் வளிமண்டலம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வியாழனுக்கும் சனிக்கும் திண்மையான தரை இல்லை. பாறைத் தரையும் அதன்மேல் வளிமண்டலமும் கொண்டு, பூமியோடு நேராக ஒப்பிடத்தக்க கோள்கள் நம் அயலில் வெள்ளியும் செவ்வாயும் மட்டுமே. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இயங்கும் ஒரு விஞ்ஞானக் கழகத்தால் ஒரு கோளை மட்டுமே தொடர்ந்து கவனிக்க முடியுமாயின், அது வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. செவ்வாயை முன்வைப்போரின் வாதமும் வலுவானதுதான். முக்கியமான ஓரிடத்தில், வெள்ளி தரும் பாடத்தைத் திருத்துவதற்கே செவ்வாய் தேவைப்படுகிறது. ஆகவே இரண்டையும் நிதானமாக எடைபோட வேண்டியுள்ளது.

பார்ப்பதற்கு எளியது எது என்ற கேள்விக்கு விடை தெளிவானது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் அடுத்தபடி வானில் பிரகாசமாகத் தெரிவது வெள்ளி. கடலுக்குப் போகிறவர்கள் விடிவெள்ளியைக் கொண்டு பொழுதை மதிப்பிடுவது பழைய வழக்கம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமான எழுவான்கரையில் நிற்பவருக்குக் காலை வெள்ளி கடலிலிருந்தே எழும்பும். மாலை வெள்ளி வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரைப் பக்கம் சாயும். கல்லடி போன்ற நகர்ப்புறத்தின் தெருவிளக்குகள் இதற்குத் தடையல்ல. சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்துச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தால், வெள்ளி அரைவட்டமாகி, பின்னர் பிறையாகி, பிறை மெலியும்போதே அதன் பருமன் கூடிக்கொண்டு போவதை மாணவர் தம் கையாலேயே வரைந்து பதியலாம். 1610ஆம் ஆண்டின் இறுதியில் கலிலியோ கவனித்ததும் இந்த வளர்பிறை தேய்பிறையைத்தான்; வெள்ளி சூரியனையே சுற்றுகிறது என்பதற்கு அது நேரடிச் சான்றாயிற்று. சூரியன் முழுமையாக மறைந்த பின்னரே தொலைநோக்கியை மேற்கே திருப்ப வேண்டும் என்ற விதியை மட்டும் எந்த ஆசிரியரும் தளர்த்தக் கூடாது.

செவ்வாய் அவ்வளவு இலகுவில் தன்னைக் காட்டுவதில்லை. ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் அது பூமிக்கு அண்மையில் வருகிறது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில், நல்ல தொலைநோக்கியிலும் அது ஒரு செம்புள்ளி மாத்திரமே. அண்மையில் வரும்போது துருவப் பனித்தொப்பியையும் கரிய நிலப்பரப்புகளையும் காணலாம். வெள்ளியிலோ எவ்வளவு பெரிய தொலைநோக்கி கொண்டு பார்த்தாலும் முகில் மூடிய வெண்பரப்புக்கு மேல் எதுவும் தெரியாது. தரையைக் காட்டும் கோள் செவ்வாய் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் அந்த வெண்பரப்புத்தான் வெள்ளியின் முதற்பாடம். வெள்ளியின் ஆரை 6052 கிலோமீற்றர், பூமியினது 6371; திணிவில் பூமியின் ஐந்தில் நான்கு பங்கு. அளவில் இவ்வளவு ஒத்த வேறு கோள் சூரியக் குடும்பத்தில் இல்லை. அப்படியிருந்தும் அதன் தரையின் வெப்பநிலை ஏறத்தாழ 465 பாகை செல்சியஸ், ஈயம் உருகிவிடும். சூரியனுக்குக் கிட்ட இருப்பதால் சுடுகிறது என்று மாணவர் பலர் உடனே சொல்வர். அந்த விடை போதாது. பூமியைவிட ஏறத்தாழ இரு மடங்கு சூரிய ஒளி வெள்ளியின்மேல் விழுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் சல்பூரிக்கமில முகில்கள் அதில் முக்காற்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பூமியோ மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு சதுர மீற்றருக்கு வெள்ளி உறிஞ்சும் சூரிய சக்தி பூமி உறிஞ்சுவதைவிடக் குறைவு. குறைவாக உறிஞ்சியும் அது உலையாகக் கொதிப்பதற்குக் காரணம், 96 சதவீதத்துக்கு மேல் காபனீரொட்சைட்டைக் கொண்டதும் தரையில் பூமியின் வளியைவிட 92 மடங்கு அமுக்கம் உடையதுமான வளிமண்டலம், தரை வெளிவிடும் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதுதான். 1962இல் மரினர் 2 விண்கலம் அருகால் பறந்து சென்று தரை கடுமையாகச் சுடுவதை உறுதிப்படுத்தியது. 1970இல் வெனேரா 7 விண்கலம் தரையிறங்கி அங்கிருந்தே வெப்பநிலையை அனுப்பியது. பச்சைவீட்டு விளைவு பாடநூலின் வரைபடம் மட்டுமல்ல, ஒரு கோளின் கதியையே தீர்மானிக்கும் விசை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

வெள்ளியின் வளியில் உள்ள காபனுக்குக் கிட்டத்தட்டச் சமமான காபன் பூமியிலும் உண்டு என்பதே இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி. நம்முடைய காபன் வானில் இல்லை, பாறைக்குள் கிடக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. கல்லோயாவும் முந்தனையாறும் போன்ற ஆறுகள் அரித்தவற்றைக் கரைசலாகக் கடலில் சேர்க்கின்றன. கடலில் சிப்பிகளும் முருகைக்கற்களும் அவற்றைக் கல்சியம் காபனேற்றாக்குகின்றன. பாசிக்குடாவின் முருகைப் பாறையும் யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லும் இந்த நீண்ட சேமிப்பின் சிறு பகுதிகள். இந்தத் தொடர் முழுவதற்கும் அடிப்படை திரவ நீர். வெள்ளியில் அது இல்லை. 1978 டிசம்பரில் வெள்ளியின் வளிமண்டலத்தினுள் இறங்கிய பயனியர் ஆய்வுகலங்கள், அங்கே எஞ்சியுள்ள ஐதரசனில் பார ஐதரசனின் பங்கு பூமியில் உள்ளதைவிட நூறு மடங்குக்கு மேல் என்று கண்டன. இலகுவான ஐதரசன் விண்வெளிக்குத் தப்பிவிட, பாரமானது பின்தங்கியதால் வந்த நிலை இது. ஆகவே முன்னர் அங்கே இன்றைவிட மிக அதிகமான நீர் இருந்திருக்க வேண்டும். நீர் போனது, அதனோடு காபனைப் பூட்டிவைக்கும் வழியும் போனது. பூமியில் இந்தப் பூட்டு வேலை செய்ய இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்ட வேகத்துக்கு, கல்லோயாவின் நீர் எந்த வகையிலும் ஈடுகொடுக்காது.

இங்கேதான் செவ்வாயை அழைக்க வேண்டியுள்ளது. செவ்வாயின் வளியிலும் 95 சதவீதம் காபனீரொட்சைட்டே. வளி மெல்லியதாயினும், ஒரு சதுர மீற்றர் தரைக்கு மேலுள்ள காபனீரொட்சைட்டைக் கணக்கிட்டால் பூமியைவிட இருபது மடங்குக்கு மேல் வருகிறது. அப்படியாயின் செவ்வாய் ஏன் சராசரி மறை 60 பாகை செல்சியஸ் அளவில் உறைந்து கிடக்கிறது? சூரியனிலிருந்து அதன் தூரம் ஒரு காரணம். ஆனால் பச்சைவீட்டு விளைவே அங்கே சில பாகைகளைத்தான் கூட்டுகிறது என்பது தூரத்தால் விளங்கக்கூடியதல்ல. அமுக்கம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதால் அந்த வாயு மிகக் குறுகிய அலைநீளப் பட்டைகளிலேயே வெப்பத்தை உறிஞ்சுகிறது; மீதி வெப்பத்தைத் தடுக்க நீராவியும் இல்லை. பூமியிலோ காபனீரொட்சைட்டு சிறிது சூடாக்கினால் கடல் மேலும் நீராவியை விடுகிறது, அந்த நீராவி மேலும் சூடாக்குகிறது. வாவியோரத்தில் புழுக்கமான இரவு குளிராமல் இருப்பதும், வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்து முகிலற்ற இரவில் தரை விரைவாக வெப்பத்தை இழப்பதும் இந்த நீராவியின் வேலையைக் கண்முன் காட்டுகின்றன. வெள்ளியை மட்டும் படித்த மாணவர் வாயுவின் அளவே எல்லாம் என்று எண்ணிவிடக்கூடும். அமுக்கமும் நீரும் சேர்ந்தே கணக்கை முடிக்கின்றன என்று செவ்வாய் திருத்துகிறது. காபனீரொட்சைட்டு நிறைந்த செவ்வாய் குளிர்வதைக் காட்டிப் பூமியின் வெப்பமேறலை மறுப்பவர்களுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

காலநிலையில் வெள்ளிக்கு முதலிடம் கொடுத்தாலும், அன்றாட வானிலையில் செவ்வாயே நமக்கு நெருங்கியது. அதன் ஒரு நாள் 24 மணி 39 நிமிடங்கள். அச்சின் சாய்வு 25 பாகை. பூமியைப் போலவே பருவங்களும், சுழலும் புயல்களும் அங்குண்டு. வெள்ளியோ தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாட்கள் எடுப்பதால், சூறாவளியைச் சுழலச் செய்யும் கொரியோலிசு விளைவு அதில் மிகவும் வலுக்குறைந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, காற்று ஏன் சுழல்கிறது என்ற கேள்வி வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல. பூமிக்காக எழுதப்பட்ட வளிமண்டலக் கணினி மாதிரியை 1969இலேயே செவ்வாய்க்கு மாற்றியமைத்து இயக்கினார்கள். தரையும் அமுக்கமும் வாயுவும் மாறியபோதும் அதே சமன்பாடுகள் பொருந்தின என்பது, நம் வானிலை அறிவிப்புகளின் அடிப்படை சரியானது என்பதற்கு இன்னொரு கோளிலிருந்து கிடைத்த சாட்சி. 1971இல் மரினர் 9 விண்கலம் சென்றடைந்தபோது செவ்வாய் முழுவதும் தூசுப்புயலில் மறைந்திருந்தது. மேல்வளி சூடேற, தரை குளிர்ந்தது. அணுப்போரின் புகை பூமியை எவ்வாறு குளிர்விக்கும் என்று 1983இல் வெளியான ஆய்வுக்கு அந்த அவதானிப்பும் ஒரு தூண்டுகோல்.

பாறையின் வயதிலும் செவ்வாய்க்கே வெற்றி. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடியில் கிடக்கும் விஜயன் தொகுதி எனப்படும் பாறைகளின் மூலப்பொருள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு பழமையானது. பொத்துவிலில் கடற்கரையோரப் பாறைமேல் ஏறி நிற்பவர் அத்தகைய தொன்மையின் மேல்தான் நிற்கிறார். ஆனால் பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். முதல் 50 கோடி ஆண்டுகளின் பாறை நமக்கு அனேகமாக மிஞ்சவில்லை. புவித்தட்டுகளின் நகர்வும் மழையும் அவற்றை அழித்துவிட்டன. செவ்வாயில் தட்டுகள் நகரவில்லை. தெற்கு மேட்டுநிலத்தின் பெரும்பகுதி 350 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. 2012இல் இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தி நீரோட்டத்தில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களைக் கண்டது. 2021 பெப்ரவரியில் இறங்கிய பேர்சிவியரன்ஸ், ஒருகாலத்தில் ஆறொன்று ஏரியில் கலந்த கழிமுகத்தை ஆராய்ந்தது. உயிர் தொடங்கிய காலத்துப் பூமி எப்படி இருந்திருக்கும் என்று தேடுவோர் செவ்வாயிடமே போக வேண்டும். வெள்ளியின் தரையை 1990 முதல் 1992 வரை ரேடாரால் வரைந்த மெகெல்லன் விண்கலம், விண்கற்கள் மோதிய பள்ளங்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டது. காலம் செல்லச் செல்லப் பள்ளங்கள் கூடும் என்பதால், அதன் தரை சில நூறு மில்லியன் ஆண்டுகளே பழமையானது என்று தெரிகிறது; பழைய ஏடு அங்கும் அழிந்துவிட்டது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் வெள்ளியை முதலில் வைக்கிறேன். இந்தக் கரை மக்கள் கடல்மட்டத்தோடும் மழையோடும் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் தம் வாழ்நாளில் நேரே எதிர்கொள்ளப்போவது வளிமண்டலத்தின் மாற்றத்தையே. செவ்வாயின் தொன்மையான ஆற்றங்கரை அதற்குப் பிறகு வரலாம். பூமி நாளையே வெள்ளியாகிவிடும் என்று மாணவருக்குச் சொல்வது தவறு. நாம் எரிக்கும் எரிபொருளால் கடல்கள் கொதித்து வற்றப்போவதில்லை. சூரியன் மெல்லப் பிரகாசமடைவதால் அத்தகைய நிலை வருவதற்கு நூறு கோடி ஆண்டளவு இருக்கிறது. இரண்டு மூன்று பாகை வெப்பமே நெல்வயலையும் மீன்பாட்டையும் குலைக்கப் போதும் என்பதைச் சொன்னாற் போதும்.

கழகங்களின் நாட்காட்டிக்கும் இந்த ஒழுங்கு பொருந்துகிறது. 2026 ஓகஸ்ட் நடுப்பகுதியில் வெள்ளி மாலை வானில் சூரியனிலிருந்து மிகவும் விலகி, அரைவட்டமாகத் தெரியும். கிழக்கில் அது வறண்ட, தெளிந்த காலம். அங்கிருந்து ஒக்ரோபர் தொடக்கம் வரை வாரம் ஒருமுறை வரைந்தால் பிறையாகும் மாற்றம் முழுவதும் பதிவாகிவிடும். பின்னர் மாரி வந்து வானை மூடும். மாரி ஓய்ந்ததும், 2027 பெப்ரவரி 19 அளவில் செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வந்து, நள்ளிரவில் நம் தலைக்கு மேலே நிற்கும். அப்போது அதன் வட்டு 14 விகலைக்குச் சற்றுக் குறைவு. ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. பனித்தொப்பியைக் காண அது போதும், நிலப்பரப்புகளை நுட்பமாக வரையப் போதாது. 24 விகலைக்கு மேல் அது வளர்வது 2035 செப்டெம்பரில். அதற்குள் 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆடித் தொலைநோக்கி ஒன்றையேனும் கழகங்கள் தேடிக்கொள்வது நல்லது.