எட்டு மாதம் திறந்து கிடந்த ஷேடோ கோப்பு

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் நாங்கள் நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பின் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடத் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. "அண்ணே, எங்க வகுப்புக்கும் இதையே போடலாமா?" என்று காத்ர் போர்ன் ஊர் நண்பர் கேட்டார். வேகமெல்லாம் அவரே பார்த்திருக்கிறார். எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த வாரம் மின்சாரம் போய்ப்போய் வந்ததில் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கில் டெபியனை நிறுவி, பென்டிரைவில் பிரதியாக இருந்த, கணினியின் அமைப்புக் கோப்புகள் கொண்ட எட்சி (/etc) அடைவை அப்படியே மேலே போட்டேன். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் வடிவம். ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற லினக்ஸ் அனுமதிகள் அதில் தங்காது. திரும்பி வந்த கோப்புகள் எல்லாம் நிர்வாகக் கணக்கான ரூட் பெயரில் 755 ஆகிவிட்டன, அதாவது யாரும் படிக்கலாம்.

வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் உடனே மறுத்தது. தன் ரகசியச் சாவிக் கோப்பை எல்லோரும் படிக்க முடிகிறது என்று சொல்லி, எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. சாவிகளை 600 ஆக்கினேன் (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்), வேலை முடிந்தது என்று நம்பினேன்.

ஆனால் எட்சிக்குள் கடவுச்சொல் ஹாஷ்கள் (கடவுச்சொற்களின் மறைத்த வடிவங்கள்) இருக்கும் ஷேடோ கோப்பும் 755தான். லாகின், ரூட் உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோ எல்லாம் வழக்கம்போல நடந்தன. எட்டு மாதம், ஒரு எச்சரிக்கை இல்லை! இடையில் கடவுச்சொல் கோப்புகளைச் சோதிக்கும் பிடபிள்யூசிகே கட்டளையை ஓட்டியும் பார்த்தேன். அது வரிகளின் அமைப்பைத்தான் சோதிக்கிறது, அனுமதியைப் பார்ப்பதில்லை. கடைசியில் மாணவர் கணக்கில், கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளை பழகிக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "சார், இதுல உங்க பேரும் இருக்கு." கை நடுங்கிவிட்டது.

அவசரத்தில் ஷேடோவுக்கு 640 மட்டும் போட்டேன் (உரிமையாளரும் கோப்பின் குழுவும் மட்டும் படிக்கலாம்). பூட்டிய திரை யாருக்கும் திறக்கவில்லை. டெபியனில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சிறு நிரல் ஷேடோ என்ற பயனர் குழுவின் உரிமையில் ஓடுகிறது. கோப்பின் குழுவோ ரூட் ஆகியிருந்தது. குழுவையும் ஷேடோவாக மாற்றிய பிறகுதான் சரியானது. குழுக்களின் கடவுச்சொற்களுக்கான ஜிஷேடோ கோப்புக்கும் இதே கதை. பெயரின் கடைசியில் சிறுகோடு உள்ள பழைய பிரதிகளையும் பாருங்கள், அவற்றிலும் ஹாஷ்கள் இருக்கும். ரெட் ஹேட் என்ற இன்னொரு லினக்ஸில் ஷேடோவுக்கு 000, யாருக்கும் அனுமதி இல்லை. அங்கே அந்த நிரல் ரூட் உரிமையில் ஓடுவதால் தாங்கும், டெபியனில் அப்படி வைக்காதீர்கள்.

எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றினோம். டெபியன் பயன்படுத்தும் யெஸ்கிரிப்ட் வகை ஹாஷை உடைப்பது சுலபமில்லை. ஆனால் பிள்ளையின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்ததாக இருவர் அப்போதுதான் சொன்னார்கள். இப்போது எட்சியை டார் கோப்பாகக் கட்டித்தான் பென்டிரைவில் வைக்கிறேன், அனுமதிகள் உள்ளேயே இருக்கும்.

இந்த இரண்டு வருஷத்தில் டெபியன் ஒருநாள்கூடத் தானாக முடங்கியதில்லை. நானும் அதை மாற்றப்போவதில்லை. ஆனாலும் தம்பி, இன்றைக்குக் கேட்டால் போடாதே என்றுதான் சொல்வேன். சாவிக்கு எஸ்எஸ்ஹெச் காட்டுகிற கோபத்தை ஷேடோவுக்கு டெபியன் காட்டட்டும், அப்போது கேள்.