25 கிலோ கடல்பாசி உர மூட்டை: வாங்கி மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்

கோத்தகிரியில் ஒரு உரக்கடை (பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போகணும்). காய்ந்த கடல்பாசி, 25 கிலோ மூட்டை 900 ரூபாய். மேலே ‘100 சதவீதம் சுத்தமானது’ என்று பெரிசாக அச்சடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்தால் கருவாட்டு வாசம், உள்ளே கையை விட்டால் மணல், உடைந்த சிப்பி, பொடிப்பொடியாக வெள்ளையாய் என்னவோ. சரி, நல்லா ஏமாந்தாச்சு என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரிக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் பக்கம். ஒரு கொத்தை உதறிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது கட்டக்கோரை, நடுவுல பக்கோடா பாசியும் கிடக்கு, கரையில ஒதுங்கினதை அப்படியே அள்ளிட்டு வந்திருக்காங்க, அலசாம பாத்தியில போட்டுடாதீங்க” என்றாள். கட்டக்கோரை என்பது சர்காஸம், குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள் வைத்து நிமிர்ந்து நிற்குமே, அது. மன்னார் வளைகுடாவில் இரண்டு பாசியும் தாராளமாக வளரும்.

அலசத்தான் போனேன். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, குலுக்கி, அந்தத் தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றினேன். வடிகட்டியில் நின்றதைத் தட்டில் கொட்டி மகளுடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அய்யோ, மணல் என்று நினைத்ததில் பாதி மணலே இல்லை!

கூனி மாதிரி ஒன்று, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, இரண்டு பக்கமும் அழுத்தியது போலத் தட்டை. ஆம்ஃபிபாட் என்பார்கள். ஒரே ஒரு கைப்பிடிப் பாசியில் 61 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். பாசி மேல் படியும் நுண்பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்பது இவற்றில் பல இனங்களின் பிழைப்பு, இவற்றைத் தின்பது சின்ன மீன்களின் பிழைப்பு. இன்னொரு விஷயம் தெரிந்துகொண்டேன்: நண்டு, இறால் குஞ்சுகள் போல இதன் குஞ்சு கடலில் மிதந்து ஊர் சுற்றாது, தாயின் வயிற்றுக்கடியில் இருக்கும் பையில் பொரித்து, அம்மாவைப் போலவே குட்டியாக அதே கொத்தில் இறங்கிவிடும். அதனால் கொத்தை அள்ளினால் குடும்பமே மூட்டைக்கு வந்துவிடும். அதன் உறவுக்காரன் ஒருத்தன், எலும்புக்கூடு இறால், குச்சி மாதிரி உடம்பு, பின்காலால் பாசியைப் பிடித்துக்கொண்டு கும்பிடுபூச்சி போல நிமிர்ந்து நிற்பவன். அவனும் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவருக்குத் தலை இல்லை. “பாசி அலசும்போது கையில குறுகுறுன்னு ஏறுமே, அதுதானா இது?” என்று வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அந்த வெள்ளைப் பொடிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இலை மேல் ஒட்டியிருந்த சுருள்கள், கடுகளவு. நத்தை என்று நினைத்தேன், இல்லை, புழு! சுண்ணாம்பில் குழாய் கட்டி அதற்குள் குடியிருக்குமாம். என் கொத்தில் இருந்தவை எல்லாம் ஒரே பக்கமாகச் சுருண்டிருந்தன, எந்தப் பக்கம் சுருளும் என்பது இனத்துக்கு இனம் மாறும். பக்கத்தில் சல்லடைத்துணி ஒட்டியது போல ஒரு படலம், பிரையோசோவா, அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பிராணி.

அப்புறம், உரமாக எப்படி என்று கேட்பீர்கள். சாம்பல் சத்து நன்றாக இருக்கும், மணிச்சத்து குறைவு, ஆகவே சாணியை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பாதீர்கள். நம் மலை மண் புளிப்பு மண், எல்லோரும் டோலமைட் போடுகிறோம், இந்தச் சிப்பியும் சுருளும் அதே சுண்ணாம்பு வகைதான், கொஞ்சம் உதவும், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். தேயிலைக்குப் போட வேண்டாம், அதற்குப் புளிப்புதான் வேண்டும். நான் பூண்டுப் பாத்தியிலும் கேரட்டிலும் போட்டேன். பூண்டு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் இதனால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், அந்த மாதம் மழையும் சரியாகப் பெய்தது. அலசாமல் போட்ட ஒரு ஓரத்தில் கேரட் நாற்று நுனி கருகியது, அது உப்பின் வேலையாகத்தான் இருக்கும்.

மணலுக்கு 900 ரூபாய் அதிகம், ‘சுத்தம்’ என்று அச்சடித்தது பச்சைப் பொய். ஐந்துக்கு மூன்று.

போன வாரம் மறுபடி போனேன். “சார், இப்ப சலிச்சு சுத்தம் பண்ணின மூட்டை வந்திருக்கு, 100 ரூபா கூட” என்றார் கடைக்காரர். பழைய மூட்டை மிச்சம் இருந்தால் அதையே கொடுங்கள் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார்.