படகில் ராடு ஹோல்டர் மாட்டப் போறீங்களா? 16,800 ரூபாய்க்கு நாமம் போட்டுட்டாங்க, நீலகிரிக்காரங்க உஷார்

மலையில் சின்ன ஃபைபர் படகு வெச்சிருக்கறவங்க, முக்கியமா எஸ்டேட் குளத்துல கார்ப் மீன் பிடிக்கறவங்க, இதைப் படிச்சிட்டு அப்புறம் ராடு ஹோல்டருக்கு, அதான் தூண்டில் ராடைச் செருகி நிறுத்தற குழாய்க்கு, பணம் கட்டுங்க. மாட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன். முதல்ல ஆத்திரம் தீரட்டும்.

கடை பேரு போடல. கீழே சமவெளியில படகு உதிரிபாகம் விக்கற கடை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பாங்க, ஆளை மேலே அனுப்பி மாட்டியும் தருவாங்க. 12 அடி படகுக்கு, விளிம்பில் பதிக்கற 30 டிகிரி சாய்வு ஹோல்டர் நாலு, ஒண்ணு 2,400. மீன் இருக்கற இடத்தைக் காட்டற ஃபிஷ் ஃபைண்டர் கருவிக்கு பிராக்கெட் 1,700. நீர் புகாம அடைக்கற சீலண்ட், போல்ட், போல்ட்டுக்கு அடியில தாங்கற அடித்தகடு எல்லாம் சேர்த்து 1,500. கூலி 4,000. ஆக மொத்தம் 16,800 ரூபாய், யுபிஐ-யில் முழுசா முன்பணம்.

ஸ்டீல், உப்புத் தண்ணியையும் நல்லாத் தாங்கற 316 கிரேடுன்னு சொன்னதால்தான் இந்த ரேட். நம்ம குளத்துத் தண்ணிக்கு அதைவிட மலிவான 304 கிரேடே தாராளம், உப்புக்காத்தா அடிக்குது இங்கே? ஆனா 316-க்குக் காசு வாங்கினா 316 தரணும், அவ்வளவுதான் பேச்சு.

நம்ப வெச்ச இடத்தைக் கேளுங்க. கடைக்காரர் வீடியோ கால்ல ஹோல்டரைக் காட்டி, ஒரு காந்தத்தை எடுத்து குழாய் மேல வெச்சார். வழுக்கி மேசையில விழுந்தது. மறுபடி வெச்சார், மறுபடி விழுந்தது. "பாருங்க சார், ஒட்டவே இல்ல. பியூர் 316. உங்க பேரன் காலம் வரைக்கும் துரு வராது." அந்த நிமிஷமே பணம் போயிடுச்சு.

சூதே அந்தக் காந்தத்துலதான். 316 மட்டுமில்ல, 304-லயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பாத்திரத்துக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் போடற மலிவான 202-லயும் ஒட்டாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டிச் செய்யற சரக்கு அது. 316-க்கு அடையாளம் அதுல இருக்கற 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். அதைக் காந்தம் காட்டிக் கொடுக்காது. மாட்டி ஒரு மாசம்கூட ஆகல, குழாயும் மேல்தட்டும் சேர்ற வெல்டிங் கோட்டில் பழுப்புக் கறை இறங்கியாச்சு. ஒண்ணைக் கழட்டி, உலோகம் சோதிக்கற கன் வெச்சிருக்கற ஸ்கிராப் கடையில காட்டினதுல நிக்கல் 4 சொச்சம், மாங்கனீசு 8-க்கு மேல, மாலிப்டினம் சுத்தமா இல்ல. அச்சு அசல் 202.

ஸ்டீலாவது போகட்டும்னு விடலாம். மாட்டின லட்சணம் இருக்கே, அதுதான் படகையே கெடுத்தது.

சாய்வு ஹோல்டருக்கு ஓட்டையும் சாய்வாத்தான் போடணும். வட்டமா ஓட்டை அறுக்கற ஹோல் சாவை 30 டிகிரிக்குச் சாய்ச்சுப் பிடிக்க மரக்கட்டையில ஒரு வழிகாட்டி செஞ்சுக்கணும். டேப் ஒட்டி, முதல்ல ரிவர்ஸில் ஓட்டி, ஃபைபர் மேல இருக்கற வழவழப்பான பூச்சான ஜெல்கோட்டை மட்டும் அறுத்து, அப்புறம் முன்னோக்கி ஓட்டினா விளிம்பு பிசிறாது. வந்த ஆள் நேரா செங்குத்தா ஒரு ஓட்டை போட்டார். குழாய் உள்ளே போகலன்னதும் அரத்தை எடுத்து ரெண்டு பக்கமும் ராவித் தள்ளிட்டார். ஓட்டை அவ்வளவு அகலமானதால, மேல்தட்டின் ஸ்க்ரூவுக்கும் ஓட்டை விளிம்புக்கும் நடுவுல மிஞ்சினது 3, 4 மில்லி ஃபைபர்தான். நாலு இடத்துலயும் நட்சத்திரம் மாதிரி விரிசல்.

போல்ட்டும் கிடையாது, அடித்தகடும் கிடையாது. காசு வாங்கினது ரெண்டுக்கும் சேர்த்து! உள்ளே செருகியிருந்தது செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. மெல்லிசான ஃபைபர்ல அதோட மரை ரெண்டு மூணுதான் பிடிக்கும். ராடு முனையில மீன் இழுக்கற இழுப்பு நெம்புகோல் மாதிரி பல மடங்காகி அந்த ஸ்க்ரூ மேலதான் வந்து விழும். மீன்கூட வேண்டாம், ராடைச் செருகி கையால் இழுத்தப்பவே பின்பக்க ஸ்க்ரூ கழண்டு வந்துடுச்சு. மரையில வெள்ளைத் தூளும், ஃபைபருக்கு உள்ளே இருக்கற பிளைவுட்டோட ஈரமான நாரும் சுத்தியிருந்தது. கூடவே வினிகர் வாடை. பாத்ரூம் சிங்க்குக்குப் போடற சிலிக்கான் அது, காயும்போது அமிலம் விடும், உலோகத்துக்கு ஆகாது. படகுக்கு வேண்டியது பாலியூரித்தேன் சீலண்ட். அதையும் பனிமூட்டத்துல ஈரம் பூத்த ஜெல்கோட் மேல போட்டா பிடிக்காது. குளிர்ல காயறதுக்கும் கூடுதல் நேரம் எடுக்கும். இந்த ஊர்ல வெயில் ஏறின பிறகு, நல்லாத் துடைச்சுட்டுத்தான் போடணும்.

அறுத்த பிளைவுட் விளிம்புக்கு ஈரம் ஏறாம இருக்க எபாக்ஸி பிசின் பூசவே இல்ல. ஹோல்டருக்கு அடியில மூடியும் இல்ல, வடிகால் ட்யூபும் இல்ல. பெய்யற மழை குழாய் வழியா நேரா படகு வயித்துக்குள்ள. ஃபிஷ் ஃபைண்டர் பிராக்கெட் இதைவிட மோசம். பின்பலகையில தண்ணி மட்டத்துக்குக் கீழே நேரா ரெண்டு ஸ்க்ரூ. அங்கே ஒரு அடிப்பலகையை ஒட்டி, அதுல ஸ்க்ரூ போடறதுதான் வழக்கம். படகை ஓட்டை போடாம இருக்கத்தானே அது.

அப்புறம் ஆரம்பிச்சது சாக்கு. முதல் ஃபோன்ல, "மலையில மழை ஜாஸ்தி சார், அது துரு இல்ல, தண்ணிக்கறை. பாலிஷ் போடுங்க." ஸ்க்ரூ கழண்ட வீடியோ அனுப்பினா, "ஓவர்லோடு பண்ணியிருக்கீங்க." கையால இழுத்தது ஓவர்லோடாம். அடுத்து, "ஆள் வந்துட்டே இருந்தான், மலைப்பாதையில பர்லியார்ல மரம் விழுந்து திரும்பிட்டான்." அதுக்கு அடுத்து, "இ-பாஸ் கிடைக்கல." வெளியூர் வண்டி நீலகிரிக்கு ஏற வாங்கற அனுமதி அது. மாட்ட வரும்போது கிடைச்ச இ-பாஸ், ரிப்பேருக்கு மட்டும் கிடைக்காதாம்! பில்லைக் கேட்டா ஒரு துண்டுச்சீட்டுல "எஸ்.எஸ். ஹோல்டர் - 4" னு எழுதி ஃபோட்டோ அனுப்பினாங்க. 316 என்ற எண் எங்கேயும் இல்ல. கடைசியா, "ஓனர் ஊர்ல இல்ல." இப்போ ப்ளூ டிக் மட்டும் விழுது. 16,800 ரூபாய்!

1915-ல, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதிஞ்சாச்சு. அதுல மசியலன்னா உதகை நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கீழே அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல.

சொல்றேன்னு சொன்ன விஷயத்துக்கு வர்றேன், கை வலிக்குது, சுருக்கமா. காந்தத்தை நம்பாதீங்க, பில்லில் கிரேடு எண் இல்லாம பணம் கட்டாதீங்க. ஆர்டருக்கு முன்னாடியே விளிம்புக்கு அடியில கைவிட்டுப் பாருங்க, குழாய் இறங்கற ஆழம் இருக்கா, வயர், மிதவை ஃபோம் ஏதாவது குறுக்கே வருதான்னு. ஊடுருவிப் போற 6 மில்லி போல்ட், தானா கழராத நைலாக் நட், அடியில குறைஞ்சது 6 மில்லி மரைன் பிளை, அதான் தண்ணி தாங்கற பிளைவுட். இது இல்லாம டிரில்லைத் தொடவே விடாதீங்க. பாதிப் பணம் மாட்டி முடிச்சு, ராடைச் செருகி இழுத்துப் பார்த்த பிறகுதான்.

எபாக்ஸி வேலை தெரிஞ்சவங்க கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த மழைக்குள்ள நாலு ஓட்டையையும் அடைச்சாகணும்.