கல்யாண லைவ் எங்கே அறுகிறது? மார்த்தாண்டம் பக்கம் நான்கு வாரம் பார்த்தவை

லீவு கிடைத்தவர்கள் ஊருக்கு வந்து பந்தியில் உட்காருகிறார்கள். கிடைக்காதவர்கள் மஸ்கட்டிலும் தம்மாமிலும் துபாயிலும் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு லைவ் பார்க்கிறார்கள். கருங்கல், குளச்சல், குலசேகரம் என்று குமரி மாவட்டத்தில் எந்தப் பக்கத்துக் கல்யாணமானாலும் இப்போது அழைப்பிதழோடு வாட்ஸ்அப்பில் லைவ் லிங்கும் வந்துவிடுகிறது. அது பாதியில் நின்றால் "நம்ம ஊரு நெட்டு அவ்வளவுதான்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் அந்தப் பழி தவறான இடத்தில் விழுகிறது. லைனில் கோளாறா, பாட்டின் காப்புரிமையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பிரிப்பது சுலபம். படம் மங்கி, கட்டம் கட்டமாக உடைந்து, வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் அது லைன். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று மறைந்து ஓர் அறிவிப்பு வந்து நின்றாலோ, சத்தம் மட்டும் காணாமல் போனாலோ, ஓமானில் தெரிகிற வீடியோ அமெரிக்காவில் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்றாலோ அது பாட்டு உரிமை.

முதலில் லைன். கம்பத்திலிருந்து தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே தொங்கி வீட்டுக்குள் வருகிற பைபர் டிராப் ஒயர்தான் நம் ஊரில் பலவீனமான இடம். தென்னை மட்டை விழுந்து அறுந்துபோனால் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னும். "மக்களே, செவப்பு லைட்டு மின்னிட்டே கெடக்கு" என்று அம்மா போனில் சொன்னாலே போதும், கேபிள்காரருக்கு விஷயம் விளங்கிவிடும். அறுகாமல் மடங்கி நிற்கிற ஒயர்தான் பெரிய தொல்லை. விளக்கெல்லாம் பச்சையாகவே இருக்கும். மடங்கிய இடத்தில் வெளிச்சம் கசிந்து, மழை வந்தால் போவதும் வெயில் வந்தால் வருவதுமாக இருக்கும்.

அதனால் ஆள் வந்தால் "பவர் எவ்வளவு இருக்கு தம்பி?" என்று கேளுங்கள். உள்ளங்கை அளவு மீட்டரை ஒயரின் நுனியில் மாட்டினால் மைனஸில் ஓர் எண் காட்டும். மைனஸ் 20 பக்கம் என்றால் நன்றாக இருக்கிறது. 25 வரை ஓடும். 27 என்றால் விளிம்பில் நிற்கிறது, அதற்கு மேல் போனால் லைன் விட்டு விட்டுத்தான் வரும். 3 டெசிபெல் (டிபி) குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். அந்த எண்ணைத் தேதியோடு மோடத்தின் அடியில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்து 21 இருந்த இடத்தில் 26 காட்டினால், வீட்டில் யாரும் எதையும் தொடாமலே வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு பேசலாம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: தெருவில் புதிதாக நாலு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க, ஒரு பைபரின் வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இன்னொரு ஸ்ப்ளிட்டரைச் செருகிவிடுவார்கள். எட்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் மட்டுமே 10 டிபிக்கு மேல் தின்னும், முப்பத்திரண்டாகப் பிரிப்பது 17 டிபி அளவுக்கு.

மோடத்தில் செருகுகிற குட்டி பைபர் ஒயரான பேட்ச் கார்டின் தலையையும் பாருங்கள். பச்சைத் தலையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத் தலையில் அந்தச் சாய்வு கிடையாது. பச்சைத் துளையில் நீலத் தலையைச் செருகினால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், விளக்கும் பச்சையாக எரியும். ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி நின்று 3, 4 டிபி வீணாகும். தலை மாற்றச் சில நிமிடம் போதும். கேட்டால்தான் மாற்றுகிறார்கள்.

கரண்டு போனாலும் வழியில் இருக்கிற ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. கேபிள்காரர் அலுவலகத்தில் பேட்டரி இருந்து, வீட்டு மோடத்துக்கும் பின்துணை இருந்தால் நெட் ஓடும். 12 வோல்ட் மோடத்துக்கு மினி யுபிஎஸ் வாங்கும்முன் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதே அளவோ கூடுதலோ உள்ளதாக வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை இடியில் பைபர் கண்ணாடி என்பதால் மின்னல் பாயாது என்று நம்பிவிடக் கூடாது. டிராப் ஒயரைத் தாங்குகிற இரும்புக் கம்பியும் அடாப்டரும் மின்னலை உள்ளே கொண்டுவரும். இடி தொடங்கினால் அடாப்டரைக் கழற்றி, மோடத்திலிருந்து டிவிக்கும் கேமராப் பெட்டிக்கும் போகிற லேன் ஒயரையும் உருவிவிட வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மரமும் கம்பமும் சேர்ந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் பைபரோடு வேறொரு கம்பெனி சிம்மும் இருக்கட்டும்.

வேகத்தை வைபையில் அளந்து சண்டைக்குப் போகாதீர்கள். லேன் ஒயரில் அளந்தால்தான் வழக்கு நிற்கும். 200 எம்பிபிஎஸ் பிளானில் ஒயரிலும் 94 பக்கமே நின்றால், பெரும்பாலும் ஒயரின் எட்டுக் கம்பியில் நாலுதான் வேலை செய்கிறது. தலையை மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

கல்யாண மண்டபத்துக்கு வருவோம். லைவுக்கு வேண்டியது அப்லோடு. 720பி தரத்துக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி போகும். தினம் 2 ஜிபி தருகிற சிம்மைப் போட்டு மாப்பிள்ளை அழைப்பிலிருந்து லைவ் விட்டால், தாலி கட்டுவதற்குள் அன்றைய டேட்டா முடிந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். படம் அப்படியே உறைந்து நிற்பதற்குப் பல தடவை இதுதான் காரணம், டவர் பாவம். அளவற்ற 5ஜி இருந்தாலும் மண்டபத்தில் 800 பேர் வந்து ஆளுக்கொரு போனை எடுத்தால் டவர் திணறத்தான் செய்யும். மண்டபத்து அலுவலக அறையில் பைபர் இருந்தால் அங்கிருந்து மேடை வரை லேன் ஒயர் இழுப்பது நல்ல வழி. 100 மீட்டர் வரை ஒரே ஒயர் தாங்கும். முந்தின நாள் மாலையே ஒயரைப் போட்டு அப்லோடை அளந்து பாருங்கள், 10 எம்பிபிஎஸ் இருந்தால் கவலையில்லை. புதுச் சேனலில் லைவ் வசதி திறக்க யூடியூப் 24 மணி நேரம் வரை எடுக்கும், போனிலிருந்து நேரடியாக விடக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். காலையில் கல்யாணம், முந்தின ராத்திரி சேனல் தொடங்கினால் ஆகாது.

இனி பாட்டு. இதில்தான் மனம் மிகவும் நோகிறது. கல்யாண வீட்டில் பாட்டுப் போடச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் அதோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு இசைப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் பொது அறிவிப்பு போட்டு இதை நினைவூட்டியது. ஆனால் அந்தப் பிரிவு மண்டபத்தில் நடக்கும் இசைக்கானது. அந்தப் பாட்டைப் பதிவாக்கி இணையத்தில் ஏற்றினால் கதை வேறு. யூடியூபின் கன்டென்ட் ஐடி இயந்திரம் உரிமையாளர்கள் கொடுத்த பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும், அதற்குக் கல்யாணமும் தெரியாது, 52ஆம் பிரிவும் தெரியாது. ஒலிப்பதிவை மட்டுமல்லாமல் மெட்டையும் அது அடையாளம் காணும். அதனால் நாதஸ்வரமோ பேண்டு செட்டோ வாசிக்கிற சினிமாப் பாட்டும் மாட்டலாம். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தாலும் சோதனை உண்டு.

பொருந்திவிட்டால் உரிமையாளர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாம், கணக்கு மட்டும் பார்க்கலாம், தடுக்கலாம். நாட்டுக்கு நாடு வேறாகவும் வைக்கலாம். அதனால்தான் சலாலாவில் இருக்கிற அண்ணனுக்குத் தெரிகிற வீடியோ டொராண்டோவில் இருக்கிற தங்கச்சிக்குத் தெரிவதில்லை. பாட்டுக்கு உழைத்தவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும். ஒரு வீட்டின் தாலி கட்டை நடுவில் மறைப்பது மட்டும் நியாயமே இல்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது இருக்கிறது. சடங்கு நடக்கும் முக்கால் மணி நேரத்துக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று மேளக்காரரிடமும் சவுண்ட் சர்வீஸ்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தியாகராஜர் 1847இலும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1846இலும் மறைந்தவர்கள், அவர்கள் கீர்த்தனைகள் எல்லோருக்கும் பொது. திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்துக்குச் சுவாதித் திருநாள் புதியவரும் அல்ல. தேரூரில் பிறந்த கவிமணி 1954இல் மறைந்தார், ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் வரிகளின் உரிமை 2014 முடிவோடு தீர்ந்தது. கோயில் கல்யாணமென்றால் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகள் இருக்கவே இருக்கின்றன. கிறிஸ்தவ தேவாலயத்தைத்தான் நம் பக்கம் கோயில் என்போம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எதுவானாலும் ஆட்கள் நேரில் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். பழைய பாட்டானாலும் யாரோ விற்கிற கரோக்கி டிராக்கைப் போட்டால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. சிங்காரி மேளம் வெறும் தாளமாக ஓடும் வரைக்கும் பயமில்லை.

நேரில் வாசித்த கீர்த்தனைக்கும் இயந்திரம் தவறாக உரிமை கோருவது உண்டு. அப்போது அதை மறுத்து யூடியூபிலேயே டிஸ்ப்யூட் போடலாம், எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். சினிமாப் பாட்டு மாட்டினால் வீடியோவை அழிக்க வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை மட்டும் மௌனமாக்கவோ அந்தத் துண்டை வெட்டவோ வசதி இருக்கிறது. முக்கியமானது ஒன்று: லைவ் போகும்போதே கேமரா கார்டிலும் முழுதாகப் பதிவாக வேண்டும்.

வீட்டு டிவியில் ஓடிடி கதை சின்னது. ஒரு படத்தின் வெளிநாட்டு உரிமை ஒருவரிடம், இந்திய டிஜிட்டல் உரிமை வேறொருவரிடம், சாட்டிலைட் உரிமை மூன்றாமவரிடம். அதனால் வெளிநாட்டில் கட்டிய சந்தாவில் படப் பட்டியல் இங்கே மாறிவிடும், டவுன்லோடு செய்து கொண்டுவந்த படமும் திறக்காமல் போகலாம். கூகுள் பிளேயில் நாட்டை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும் என்பதால் ஒரு மாத லீவுக்காக அதைத் தொடாதீர்கள். அப்பா அம்மாவுக்கு என்றால் ஊரில், அவர்கள் எண்ணில், இந்திய விலையில் சந்தா எடுப்பதுதான் நிலைக்கும். ரீசார்ஜோடு இலவசம் என்று வருவது மொபைலுக்கு மட்டுமா என்று கேளுங்கள். மொபைல் பிளான் டிவியில் ஓடாது.

ஓடிபி வரும் சிம்மை மாற்றுவதானால் லீவின் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, 2024 ஜூலையில் வந்த விதிப்படி 7 நாளைக்கு வேறு கம்பெனிக்கும் மாற முடியாது. டேட்டா வேண்டாதவர்களுக்குக் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளானும் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

புகார் என்றால் முதலில் கம்பெனியிடம் புகார் எண் வாங்கி, தீராவிட்டால் அதன் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். தனி ஆள் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு வழக்கையும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. மீட்டர் எண், லேன் ஒயர் வேக அளவு, பில் மூன்றும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஸ்டுடியோக்காரரிடம் பேச வேண்டியது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆல்பம் வரும், வெட்டாத ஃபுட்டேஜ் தர மாட்டோம் என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் அதையும் எழுதி வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் தரத்தில் 4கே ஒரு மணி நேரம் 45 ஜிபி வரும், இரண்டு கேமரா நாலு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. அதை நெட்டில் அனுப்பச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து கொடுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கட்டும், இன்னொன்று திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது கைப்பையில்.