கல் தூணா, பூச்சுத் தூணா? இரண்டு பரோக் ஆலயங்கள்

பரோக் என்பது அலங்காரம் மிகுந்த பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி. ரோமில் கட்டடக் கலைஞர் பெர்னினி 1658-இல் தொடங்கிய சான்ட் ஆந்த்ரேயா ஆலயத் தூண்கள் அசல் கொட்டனெல்லோ கல். சிவப்பில் வெள்ளை நரம்பு ஓடும். ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள வீஸ் ஆலயப் பலிபீடத் தூண்களோ ஸ்காலியோலா, அதாவது பளிங்குபோல் தோன்றும் பூச்சு. ஜிப்சம், விலங்குப் பசை, நிறமி மூன்றையும் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, பல நிற உருண்டைகளைச் சேர்த்து அழுத்தி, வில்லை வில்லையாக அறுத்து அப்புவார்கள். பசை குறைந்தால் அப்பி முடிப்பதற்குள் இறுகிவிடும். காய்ந்தபின் சொரசொரப்பான கல்லில் தொடங்கி நைசான கல்வரை தேய்ப்பு. நடுவில் துளை அடைப்பு. கடைசியில் எண்ணெய் அல்லது மெழுகு. மலிவு என்று நினைக்க வேண்டாம், கூலி எகிறும். தொட்டால் குட்டு வெளிப்படும்: கல்லின் சில்லிப்பு இதில் இல்லை.

நிறத்துக்கு என் ஓட்டு ஸ்காலியோலாவுக்கே. கிறிஸ்துவின் இரத்தத்துக்குச் சிவப்பு, இறங்கிவரும் அருளுக்கு நீலம் என்று வேண்டியதைக் கலக்கலாம். குவாரி கொடுத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டாம். ஈரம்தான் எமன். சுவரில் ஓதம் ஏறினால் பூச்சு உப்பிப் பொரிந்து உதிரும். அந்த இடத்தில் கல்லே தேவலை.