வாடகைக்கு விட்ட வீடு, 12 ஆண்டுகள்: ஒரு பாத்ரூம் படுத்திய பாடு

சென்னை மடிப்பாக்கத்தில் 2013-இல் வாங்கிய ஃபிளாட். அன்றிலிருந்து வாடகைக்குத்தான் விட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை பாத்ரூம் வேலை முடிந்து மேஸ்திரி கணக்குத் தீர்த்துக்கொண்டு போனார். அன்று ராத்திரியே நண்பர் ஒருவர் போன் செய்து, "நானும் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா?" என்று கேட்டார். வேறு நாளில் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கீழ்வீட்டு அம்மா முதலில் கூப்பிட்டது 2018-இல். "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல ஈரம் ஊறுது." பிளம்பர் வந்து டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமென்ட் அடைத்தார். 1,500 ரூபாய். ஆறு மாதம் தாங்கியது. அடுத்து வந்தவர் டைல்ஸ் மேலேயே ஏதோ கெமிக்கல் பூசி 9,000 வாங்கிக்கொண்டார். அதுவும் போயிற்று. இரண்டு பேருமே ஒழுகும் இடம் எது என்று பார்க்கவில்லை.

இந்த மேஸ்திரி நாணி ட்ராப்பின் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் குழி) வாயைத் துணியால் அடைத்து, நாலு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. டைல்ஸைப் பெயர்த்தால், ட்ராப்பைச் சுற்றிப் பூசிய சிமென்ட் புட்டு மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. வாட்டர் ப்ரூஃபிங் என்ற ஒன்றையே கட்டியவர் செய்யவில்லை! கட்டும்போதே செய்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். எனக்கு ஆனது 46,000. வாடகை 17,000, அதாவது மூன்று மாத வருமானம் கிட்டத்தட்ட போய்விட்டது. இந்தச் செலவை வருமான வரியில் தனியாகக் காட்டவும் முடியாது. வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம், செலவே இல்லாத வருஷத்திலும் அது கிடைக்கும். அது நியாயம்தான், ஆனால் இந்த வருஷம் மனசு ஆறவில்லை.

குடியிருப்பவரிடம் பாதி கேளுங்கள் என்றார் புரோக்கர். நான் கேட்கவில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலேயே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், சுவிட்ச், கீசர் ரிப்பேர், அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு. நண்பர் பத்து மாத அட்வான்ஸ் பற்றியும் கேட்டார். அந்தச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், பழைய பதினொரு மாதப் பத்திரத்தோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாவம். ஏழு வருஷமாக இருக்கும் இந்தக் குடும்பம் மாதிரி அமைவது அதிர்ஷ்டம். இடித்த ஐந்து நாளும் வீடெல்லாம் தூசி. ஒரு முகச்சுளிப்பு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பென்சில் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கொரோனா முடிந்து வாடகை ஏற்றிக் கேட்க நான் தயங்கியபோது குடியிருப்பவரே, "அண்ணா, 500 ரூபாய் சேர்த்துப் போட்டிருக்கேன்" என்றார்.

இருந்தாலும் நண்பருக்கு நான் சொன்னது: வாங்க வேண்டாம். இதே அளவு வீடு அக்கம்பக்கத்தில் 65 லட்சம் சொல்கிறார்கள். அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் என் வாடகையைப் போல இரண்டு மடங்கு வரும், கீழ்வீட்டிலிருந்து போனும் வராது. "அப்ப உங்க வீட்டையே எனக்குக் கொடுத்துடுங்க" என்றார். தரமாட்டேன் என்றேன். குடியிருப்பவர்களின் பெண் இப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள்.

நேற்று கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "புதுசா ஊறல தம்பி, பழைய கறை காய ஒரு மாசம் ஆகும். அப்புறம் சீலிங்குக்கு பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடு" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.