‘தி நன்’ வெருட்டாத இடத்தில் ‘தி கொன்ஜுரிங்’ ஏன் வெருட்டுகிறது?

இரண்டும் ஒரே தொடரில் வந்த பேய்ப் படங்கள். 2013இல் ஜேம்ஸ் வான் இயக்கியது ‘தி கொன்ஜுரிங்’, 2018இல் கோரின் ஹார்டி இயக்கியது ‘தி நன்’. வசூலில் பின்னையதே பெரிது: 360 மில்லியன் டொலருக்கு மேல். ஆனாலும் ஒரு படம் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்றால் பழையதையே போடுங்கோ.

‘தி நன்’ படத்தை விளம்பரமே ஊதிப் பெருப்பித்தது. திரையில் சத்தக் குறி தோன்றிக் குறைய, சட்டென்று அந்தக் கன்னியாஸ்திரிப் பேயின் முகம் பாய்ந்து அலறும். யூடியூப் அந்த விளம்பரத்தையே நீக்கியது. படத்துக்குள் போனால் பெரும்பாலும் அதே வித்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. படம் பார்த்து வெளியே வருபவர்களிடம் தரம் கேட்கும் சினமாஸ்கோர் கணிப்பில் பார்வையாளர்கள் இதற்குக் கொடுத்தது ‘சி’. மற்றதற்கு ‘ஏ மைனஸ்’.

வித்தியாசம் பேயில் இல்லை, வீட்டில் இருக்கிறது. நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்கு எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று இருட்டிலும் தெரியும். அங்கே பழக்கமில்லாத ஒரு சத்தம் கேட்டால்தான் நெஞ்சு அடிக்கும். ‘கொன்ஜுரிங்’ தொடங்கியதும், குடும்பம் குடிவரும் நாளிலேயே, கமரா வெட்டாமல் நீளமாக அந்த வீட்டுக்குள் சுற்றி வருகிறது. பிறகு கண்ணைக் கட்டி, கைதட்டும் சத்தத்தை வைத்துத் தேடும் விளையாட்டு. இடமும் தெரியும், விதியும் தெரியும். அதனால் அலுமாரிக்குள் இருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டும்போது பின்னணி இசையின் துணை தேவைப்படவில்லை.

‘தி நன்’ நடப்பது 1952இல், றுமேனிய மடமொன்றில். பனிமூட்டமும் நடைபாதைகளும் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்தப் பாதை எங்கே போகிறது என்று விளங்காது. பேய் எங்கிருந்தும் வரலாம் என்றானபின் எதைப் பார்த்துக் காத்திருப்பது? விதிவிலக்கு, கல்லறை மணிக் கட்டம். உயிரோடு புதைபட்டவர் உள்ளிருந்து இழுத்து அடிக்கும் மணி அது. அதைப் படம் முன்பே சொல்லிவிடுவதால், பாதிரியார் சவப்பெட்டிக்குள் கிடந்து மணியை இழுக்கும்போது மூச்சு முட்டுகிறது.

‘கொன்ஜுரிங்’கின் கடைசிப் பேயோட்டலும் வழக்கமானதுதான். பெரிய திரையில் பார்த்தவர்களுக்கு மடத்தின் இருள் கூடுதலாகப் பிடித்திருக்கவும் கூடும்.

வீட்டில் பார்ப்பதென்றால், முதல் உரையாடல் தெளிவாக விளங்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டுப் பிறகு தொடாதேங்கோ. டிவியில் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கோ. அது மெல்லிய சத்தத்தை உயர்த்தி, பெரிய சத்தத்தை அமர்த்தி, கைதட்டலைச் சாதாரண பேச்சின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இணையத்தில் பார்க்கும்போது இருட்டான காட்சிகள் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தால் படத்தில் பிழையில்லை, பெரும்பாலும் இணைய வேகம் போதவில்லை. தரம் கூடிய பிரதியைப் பகலிலேயே இறக்கி வைத்துவிடலாம்.